தேதியில்லாத நினைவுகள்

தரையில் ஒரு கயிற்றை விரிக்கிறார்கள். அதன் ஒரு முனை குழந்தை பிறந்த நாள். மறுமுனை சுருண்டு கிடக்கிறது. அது இனி வரப்போகும் நாட்கள். பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பூக்களும் கூழாங்கற்களும். மகிழ்ச்சி தந்த நிகழ்ச்சிக்கு ஒரு பூ, அச்சம் தந்த நிகழ்ச்சிக்கு ஒரு கல். தம்பி பிறந்தது, பள்ளிக்கூடத்தில் முதல் நாள், கோயில் திருவிழா, வீட்டுக் கூரைமேல் ஷெல் விழுந்தது, அப்பாவை யாரோ வந்து கூட்டிப்போனது என ஒவ்வொன்றையும் குழந்தையே அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். பிறகு பல நாட்கள் எடுத்துக்கொண்டு, பிறந்த முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பூவையும் கல்லையும் பற்றிக் குழந்தை பேசும். எதிரில் இருப்பவர் கேட்டு எழுதிக்கொள்வார். அடுத்த முறை வரும்போது எழுதியதை வாசித்துக் காட்டுவார். குழந்தை திருத்தும், விட்டுப்போனதைச் சேர்க்கும். கடைசி நாளில் முழுக் கதையும் எழுத்தில் அதன் கைக்கு வந்துசேரும்.

இது ஒரு சிகிச்சை. ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகி ஷவுவர், ஃபிராங்க் நொய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் போரில் தப்பிய அகதிகளுக்காக உருவாக்கிய முறை இது. குழந்தைகளுக்கென மாற்றியமைத்த வடிவத்துக்கு ‘கிட்நெட்’ என்று பெயர். இதன் வேர்களில் ஒன்று சிலி நாட்டில் இருக்கிறது. 1973-இல் ஜெனரல் பினோசே ஆட்சியைப் பிடித்தபின் சித்திரவதைக்கு ஆளானவர்களின் வாக்குமூலங்களை எலிசபெத் லிரா, யூஜினியா வைன்ஸ்டைன் என்ற இரு உளவியலாளர்கள் பதிவுசெய்தார்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பதிவுசெய்தவர்களுக்கு வேதனையும் குறைவதைக் கண்டார்கள். 1983-இல் அந்த அனுபவம் கட்டுரையாக வந்தபோது அதில் அவர்கள் சொந்தப் பெயரைப் போட முடியவில்லை, புனைபெயர்களே இருந்தன. கொடுமைக்கு எதிரான சாட்சியமாகத் தொடங்கிய ஒன்று மருந்தாகவும் ஆன வரலாறு இது.

தனக்கு என்ன நடந்தது என்பது குழந்தைக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லக் கயிறும் கல்லும் எதற்கு? பதில் மூளைக்குள் இருக்கிறது.

நம் அன்றாட நினைவுகள் எல்லாவற்றுக்கும் ஓர் இடமும் ஒரு நேரமும் உண்டு. போன பொங்கலன்று பாட்டி வீட்டில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்தால், அது போன பொங்கல் என்பதும் பாட்டி வீடு என்பதும் கூடவே வரும். இந்த ‘எங்கே, எப்போது, எதற்குப் பின் எது’ என்ற சேர்க்கையைப் பார்த்துக்கொள்வதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரும் பங்கு. அதை ஒட்டியே பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா இருக்கிறது. ஆபத்தை உணர்வது அதன் வேலை. சாதாரண நாட்களில் இரண்டும் சேர்ந்தே இயங்கும். உயிர்போகும் அச்சம் வரும்போது அட்ரினலினும் கார்ட்டிசாலும் உடலில் பாய்கின்றன. அமிக்டலாவின் வேலை மும்முரமாகிறது, ஹிப்போகாம்பஸின் பதிவு தடுமாறுகிறது. கந்தக நெடி, விமானத்தின் இரைச்சல், முதுகில் பட்ட சூடு, பதுங்குகுழி மண்ணின் ஈரம், நெஞ்சின் படபடப்பு எல்லாம் அழுத்தமாகப் பதிகின்றன. அவை எந்த நாளைச் சேர்ந்தவை, எந்த ஊரில் நடந்தவை, எப்போது முடிந்தன என்ற விவரம் மட்டும் அவற்றோடு சரியாக ஒட்டுவதில்லை. ஆய்வாளர்கள் இவற்றைச் சூடான நினைவுகள் என்றும், இடமும் காலமும் சேர்ந்தவற்றை ஆறிய நினைவுகள் என்றும் பிரிக்கிறார்கள். நுணுக்கங்களில் இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனாலும் போரில் சிக்கிய குழந்தைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவு உடனே புரியும்.

தீபாவளி வெடிச் சத்தத்தில் ஒரு சிறுமி மேசைக்கடியில் புகுந்துகொள்கிறாள் என்றால், அவள் பழைய குண்டுவீச்சை ‘நினைத்துப் பார்க்கவில்லை’. அவள் உடலைப் பொறுத்தவரை குண்டு இப்போதுதான் விழுகிறது. ஒரு சத்தமோ ஒரு நெடியோ போதும், பின்னிக்கிடக்கும் வலை முழுவதும் ஒரே இழுப்பில் எழுந்துவிடும். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஒரு தாள் மட்டும் கிழிபடாமல் நின்றுவிட்டது போன்ற நிலை இது. வீட்டில் மற்ற எல்லாருக்கும் நாட்கள் நகர்கின்றன. அவளுக்கு அந்த ஒரு நாள் திரும்பத் திரும்ப இன்றாகவே இருக்கிறது. கயிற்றில் கல்லை வைக்கும்போது நடப்பது அந்தத் தாளைக் கிழிக்கும் வேலைதான்: இது நடந்தது, அந்த ஊரில் நடந்தது, அந்த வயதில் நடந்தது, அதற்குப் பிறகு இவ்வளவும் நடந்திருக்கிறது.

குழந்தைகளுக்கு எதுவும் புரியாது, சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று நெடுங்காலம் மருத்துவ உலகமும் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையை அசைத்ததில் ஒரு கடத்தல் சம்பவத்துக்கு முக்கிய இடம் உண்டு. 1976 ஜூலையில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சௌசில்லா என்ற ஊரில் 26 குழந்தைகளோடு ஒரு பள்ளிப் பேருந்தைக் கடத்தி, எல்லோரையும் மண்ணுக்கடியில் புதைத்த ஒரு வண்டிக்குள் அடைத்தார்கள். அடைபட்டவர்களே வழிசெய்து தப்பி வெளியே வந்தார்கள். ஒருவருக்கும் பெரிய காயமில்லை. லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தக் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சந்தித்தார். உடலில் கீறலில்லாத அந்தக் குழந்தைகள் எல்லாருடைய மனத்திலும் தழும்பு இருந்தது. அது பெரியவர்களிடம் காண்பதைப் போல இல்லை. அதே நிகழ்ச்சியை விளையாட்டாக மறுபடி மறுபடி நடித்தார்கள். அந்த விளையாட்டில் சிரிப்பு இல்லை. எந்தச் சம்பவம் முன்னே, எது பின்னே என்ற வரிசை குழம்பியிருந்தது. எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால், தாங்கள் நெடுநாள் வாழப்போவதில்லை என்று நம்பினார்கள். காலம் கலைந்ததன் அடையாளம் இது: முடிந்தது முடியவில்லை, ஆகவே வரவேண்டியதும் வரவில்லை.

சௌசில்லா ஒரு குற்றச்செயல். குற்றவாளிகள் பிடிபட்டார்கள், தண்டனை பெற்றார்கள், ஊரே குழந்தைகளின் பக்கம் நின்றது. அரசியல் வன்முறையில் இந்த மூன்றும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. காக்க வேண்டிய சீருடையே சுடுகிறது. நம்மவர்கள் என்று நம்பியவர்களே பிள்ளையைப் பிடித்துப்போகிறார்கள். நடந்ததை வெளியே சொன்னால் வீட்டுக்கே ஆபத்து. கல்லை வைக்க முதலில் கயிறே இல்லாத நிலை அது.

இதை நமக்கு மிக அருகில், நம் மொழியிலேயே பார்க்க முடிகிறது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 1983 முதல் 2009 வரை நடந்த போரில் பிறந்து, போரிலேயே பள்ளி முடித்த தலைமுறை ஒன்று உண்டு. 1995 செப்டம்பர் 22-ஆம் நாள் வடமராட்சி கிழக்கின் நாகர்கோவிலில் பள்ளிக்கூடத்தின் மீதே விமானப்படைக் குண்டு விழுந்து பிள்ளைகள் இறந்தார்கள். அடுத்த மாதம் 30-ஆம் தேதி வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தைவிட்டு நடந்தார்கள். மறுபக்கம் விடுதலைப் புலிகள் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் படையில் சேர்த்தார்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் குழந்தைகளும், இரவில் காட்டுக்குள் படுத்துறங்கிய எல்லைக் கிராமத்துச் சிங்களக் குழந்தைகளும் இந்தக் கணக்கில் வருகிறவர்களே.

2002-இல் போர்நிறுத்தம் வந்தபோது எல்பர்ட், ஷவுவர் குழுவினரும் உள்ளூர் உளவளத்துணையாளர்களும் போர் பாதித்த வடகிழக்கில் 420 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். 92 சதவீதத்தினர் சண்டை, குண்டுவீச்சு, ஷெல் அடி, அல்லது நெருங்கியவரின் மரணத்தை நேரில் கண்டிருந்தார்கள். 25 சதவீதத்தினருக்குப் பி.டி.எஸ்.டி. எனப்படும் மனவடு நோய் இருந்தது. அந்தக் குழந்தைகள் நினைவாற்றல் சோதனையில் பின்தங்கினார்கள், மதிப்பெண்ணும் குறைந்தது, கூட்டத்திலிருந்து ஒதுங்கினார்கள். கணக்கு வராத பிள்ளை, கவனமில்லாத பிள்ளை, மந்தம் என்று வகுப்பில் பிரம்படி வாங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையில் பதுங்குகுழியிலிருந்து இன்னும் வெளியே வராதவர்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

இதே எண்ணை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கலாம், பார்க்க வேண்டும். நூற்றுக்கு 92 பேர் நெருப்பைக் கண்டார்கள், 25 பேருக்கு நோய். மற்றவர்கள்? அவர்களுக்குக் கெட்ட கனவு வந்திருக்கும், அழுதிருப்பார்கள், ஆனாலும் எழுந்து பள்ளிக்குப் போனார்கள். இது எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது. எது அவர்களைத் தாங்கியது என்பதே இந்தத் துறையின் மிகப் பழைய கேள்வி.

அதற்கு ஒரு விடை இரண்டாம் உலகப் போரின்போதே கிடைத்தது. ஜெர்மானிய விமானங்கள் வரும் என்று அஞ்சி, 1939 செப்டம்பர் முதல் வாரத்தில் பள்ளிப் பிள்ளைகளும் கைக்குழந்தைகளோடு தாய்மாரும் என ஏறத்தாழ 15 லட்சம் பேரைப் பிரிட்டன் தன் நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பியது. நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து லண்டன் வந்திருந்த ஆனா ஃபிராய்டும் அவர் தோழி டாரதி பர்லிங்ஹாமும் ஹாம்ஸ்டெட் பகுதியில் குழந்தைகள் காப்பகங்கள் நடத்தினார்கள். தினமும் குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெழுதினார்கள். 1943-இல் வெளிவந்த அவர்கள் நூல் சொன்ன செய்தி பலரைத் திகைக்கவைத்தது: குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே பல குழந்தைகளை அதிகம் குலைத்தது. பதறாத தாயின் மடியில் கிடந்த பிள்ளை சைரன் ஊதும்போதும் தூங்கியது. பாதுகாப்பான கிராமத்துக்குத் தனியே போன பிள்ளை படுக்கையை நனைத்தது, பேச மறுத்தது.

சிறு குழந்தைக்கு ஆபத்தின் அளவுகோல் வானத்தில் இல்லை. தன்னைத் தூக்கிவைத்திருப்பவரின் முகத்தில் இருக்கிறது. அவர் மூச்சு சீராக இருந்தால் அதன் கார்ட்டிசால் தணிகிறது. இப்படிச் சொல்லும்போது ஓர் ஆபத்தும் உண்டு. தாய் தைரியமாக இருந்தால் போதும் என்று சுமை முழுவதையும் அவள் தலையில் ஏற்றிவிடலாம். அந்தத் தாயே கணவனை இழந்தவளாக, மூன்றுமுறை இடம்பெயர்ந்தவளாக இருந்தால்?

இங்கேதான் இன்னோர் ஆய்வு முக்கியமாகிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கிளாடியா கதானி குழுவினர் இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளிடம் போர், சுனாமி, வீடு மூன்றையும் பற்றிக் கேட்டார்கள். 30.4 சதவீதத்தினருக்கு மனவடு நோய், 19.6 சதவீதத்தினருக்குக் கடும் மனச்சோர்வு. 82.4 சதவீதத்தினர் போரைக் கண்டிருந்தார்கள். வீட்டுக்குள் அடி, வசவு போன்ற ஏதோ ஒன்றை அனுபவித்தவர்கள் 95.6 சதவீதம். எந்த வீட்டில் தந்தையின் குடி அதிகமோ, எந்தக் குழந்தை போரை அதிகம் கண்டதோ, அங்கே அடியும் அதிகம். போர் வாசலோடு நிற்கவில்லை. தந்தையின் பாட்டிலுக்குள் புகுந்து, தாயின் களைப்புக்குள் புகுந்து, கடைசியில் பிள்ளையின் முதுகில் இறங்கியது. அரசியல் வன்முறை என்றால் குண்டும் துப்பாக்கியும் மட்டும் என்று எண்ணும் பழக்கத்தை இந்த ஓர் ஆய்வே மாற்றிவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் இதையே வேறு வழியில் கண்டார். ‘ஸ்கார்டு மைண்ட்ஸ்’ என்ற அவருடைய ஆங்கில நூல் 1998-இல் வந்தது. தனித்தனி நோயாளியாகப் பார்த்துத் தீராத துயரம் இது, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்பது அவர் முடிவு. சந்தேகமும் மௌனமும் உயிர்தப்பும் வழிகளாகி, பிறகு குணமாகவே நிலைத்துவிடுகின்றன. ஆகவே மருந்தோடு கோயிலையும் சடங்கையும் கூத்தையும் ஜெபத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். நம் ஊர்களில் பயந்த பிள்ளைக்குத் திருநீறு போடுவதையும் நூல் கட்டுவதையும் மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்கள், அந்த நேரத்தில் ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையின் தலையில் கைவைத்து அமைதியாக உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

சுனாமிக்குப் பின் எழுந்த ஒரு முகாமில் கதானி குழுவினர் செய்த சிகிச்சை ஒப்பீடு, உள்ளூரிலேயே ஆற்ற முடியும் என்பதற்குச் சான்று. போரையும் கடலையும் சேர்த்துச் சுமந்த 31 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கயிறும் கதையும் கொண்ட கிட்நெட். மறு பாதிக்குத் தியானமும் உடல் தளர்த்தலும். இரண்டுக்கும் ஆறே அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் 81 சதவீதம், இரண்டாம் குழுவில் 71 சதவீதம் குழந்தைகள் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் கணக்கில் பெரிதல்ல. சிறிய ஆய்வுதான். ஆனால் வானூர்தியில் நிபுணர் வந்திறங்கத் தேவையில்லை என்பதை அது காட்டியது.

பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற அவசரமும் கூடாது. பேரழிவு நடந்த சில நாட்களில் ஒரே ஓர் அமர்வில் எல்லாவற்றையும் கிளறிப் பேசவைக்கும் முறை ஒருகாலத்தில் உலகெங்கும் பரவியது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்தது என்று தெரிந்தது. இலங்கையின் வடக்கில் 399 குழந்தைகளிடம் வீட்சே டோல் குழுவினர் நடத்தி 2012-இல் வெளியிட்ட பள்ளிக்கூட மனநலப் பயிற்சி ஆய்விலும் கலவையான விளைவே வந்தது. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஆனால் பயிற்சியில் சேர்ந்த பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், சேராத பெண்பிள்ளைகளைவிடக் குறைவாகவே தணிந்தன. நல்ல நோக்கம் மட்டும் போதாது; குழந்தை எந்த வீட்டுக்குத் திரும்புகிறது, நாளைக்கு அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் சிகிச்சையின் பகுதி.

வைக்க முடியாத கற்களும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அப்பா இறந்தாரா? தெரியாது. திவசம் செய்யலாமா? அது அவரைக் கொன்றதாகிவிடும். காத்திருக்கலாமா? எத்தனை ஆண்டு? முடிவு தெரியாத இந்த இழப்பு துக்கத்திலேயே கொடியது என்று பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டத்தை அரசியல் கோரிக்கையாக மட்டும் பார்ப்பது போதாது. மனநல அறிவியலின் பார்வையிலும் அவர்கள் கேட்பது சரி. என்ன நடந்தது என்ற உண்மை தெரியாமல் அந்த நினைவுக்குத் தேதி கிடைக்காது. நடந்தது முடியாமலே நிற்கும் இச்சிக்கல் காசாவில் இன்னும் கூர்மையாகிறது. மனவடு நோயின் பெயரிலேயே ‘அதிர்ச்சிக்குப் பின்’ என்று இருக்கிறது. அங்கே அந்தப் ‘பின்’ வருவதே இல்லை என்பதைப் பாலஸ்தீன மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டுகிறார்கள். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது அஞ்சும் குழந்தைக்கு நோய் இல்லை. அதன் அச்சம் சரியான அச்சம். அங்கே முதல் சிகிச்சை குண்டை நிறுத்துவது.

இந்தத் தழும்பு அடுத்த தலைமுறைக்கும் போகிறதா என்று பலர் கேட்கிறார்கள். சிரியாவின் ஹமா நகரில் 1982-இல் நடந்த படுகொலையையோ 2011-க்குப் பிந்தைய போரையோ கண்ட குடும்பங்களில் மூன்று தலைமுறையினரின் மரபுப்பொருளைக் கோனி மல்லிகன், ரானா தஜானி, கேத்தரின் பான்டர்-பிரிக் ஆகியோர் ஆராய்ந்தார்கள். பாட்டி கண்ட வன்முறையோடு தொடர்புள்ள வேதியியல் குறிகள் பேரப்பிள்ளைகளின் டி.என்.ஏ. மேல் இருப்பதாக 2025-இல் வெளியிட்டார்கள். வியப்பான செய்தி. ஆனால் அந்தக் குறிகளால் உடலிலோ மனத்திலோ என்ன மாறுகிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. போர்க்குடும்பத்துப் பிள்ளையைப் பிறவியிலேயே பழுதானவள் என்று முத்திரை குத்த யாரும் இதைப் பயன்படுத்திவிடக் கூடாது.

முத்திரை என்ன செய்யும் என்பதற்குச் சியரா லியோனில் தெளிவான சான்று இருக்கிறது. 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அங்கே குழந்தைகளின் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். அவர்களில் பலர் கொன்றவர்கள், பலர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள். தெரசா பெட்டன்கோர்ட் என்ற ஆய்வாளர் அந்தப் பிள்ளைகளை 2002 முதல் தொடர்ந்து பின்பற்றிவருகிறார். ஊரும் குடும்பமும் ஏற்றுக்கொண்டவர்கள், பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப முடிந்தவர்கள் மெல்ல மேலே வந்தார்கள். ‘கொலைகாரப் பிள்ளை’ என்று ஒதுக்கப்பட்டவர்களின் மனநிலை கீழே போனது. நடந்துபோனதை யாராலும் மாற்ற முடியாது. அதற்குப் பின் அக்கம்பக்கம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மாற்ற முடியும், அது கணிசமான வேறுபாட்டைத் தருகிறது.

2009-இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் பத்து வயதில் நின்றவர்கள் இன்று தாயும் தந்தையுமாக இருக்கிறார்கள். போருக்குத் தப்பி வந்தவர்கள் தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களிலும் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். அடிக்கடி வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளை, சத்தம் கேட்டால் உறைந்துபோகும் பிள்ளை, ஒரே சண்டை விளையாட்டைச் சிரிப்பில்லாமல் ஆடும் பிள்ளை, திடீரென்று மதிப்பெண் சரிந்த பிள்ளை நம் வகுப்பறையில் இருந்தால், பிரம்பை எடுக்குமுன் ஒருமுறை அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். அது பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தாமல் அடுத்த நாளும் அருகில் அமர வேண்டும். போர் பாதித்த ஊர்களின் ஒவ்வொரு பள்ளிக்கும், முகாம் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் முறையாகப் பயிற்சி பெற்ற ஓர் உளவளத்துணை ஆசிரியர் வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள் ஆறு அமர்வுகளில் செய்துகாட்டிய காரியம் இது. நிதி இல்லை, நிபுணர் இல்லை என்று எந்த அரசும் இனிக் காரணம் சொல்ல முடியாது.